ஒச்சப்பன் தலைக்குள் இறங்கிய மஞ்சு

பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்வதை ஒச்சப்பன் தினசரி வேலையாக வைத்திருந்தான். இருநூற்று ஐம்பத்தாறில் தொடங்கி, இருநூற்று நாற்பது, இருநூற்று இருபத்து நான்கு என்று பதினாறு வரை இறங்க வேண்டும். காலையில் பல் விளக்கியதும், யாரோடும் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட்டு, எத்தனை இடத்தில் தடுக்கியது என்று சுவரில் கரியால் கோடு போடுவான். தலைக்குள் அன்றைக்கு எவ்வளவு மஞ்சு இறங்கியிருக்கிறது என்று அளக்க அவனிடம் வேறு கருவி இல்லை.

மஞ்சு என்பது ஏலத்தோட்டத்து ஆட்கள் மூடுபனிக்குச் சொல்லும் பேர். குரங்கணிக்கு மேலே மத்தியானத்தில் திடீரென்று இறங்கும். பத்தடி தள்ளி நிற்கிற ஆள் மறைந்துபோவார். குரல் மட்டும் கேட்கும். தன் தலைக்குள் நடப்பதும் அதேதான் என்றான் ஒச்சப்பன். சொல்ல வேண்டிய சொல் அங்கேதான் நிற்கிறது, செருமுகிற சத்தம்கூடக் கேட்கிறது, ஆள்தான் தெரியவில்லை.

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அழகுமலை என்பவருடைய மோட்டார் ஷெட்டில் ஒச்சப்பன் பேட்டரி கட்டினான். உலகச் சண்டை முடிந்த வருஷம் அங்கே சேர்ந்தவன். பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட லாரி பேட்டரிகளை உடைத்துப் பார்த்து, யாரும் சொல்லித் தராமல் வேலையைப் பிடித்துக்கொண்டான். பழைய ஈயப் பிளேட்டுகளை இரும்புச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றி, அடுக்கி, ஆசிட் நிரப்பி, மேலே தார் பூசி மூடுவது வேலை. கரி உலையின் புகை ஓலைக் கூரையில் முட்டித் திரும்பி அவன் முகத்துக்கே வரும். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு பலகையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு, எந்த செல்லில் ஆசிட் எவ்வளவு கனம் என்று எழுதி வைப்பான். மலைக்கு ஏறும் ஜீப்பும் லாரியும் அவன் கட்டிய பேட்டரியைத்தான் கேட்டு வாங்கின.

பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனது. 1957 ஆனி மாதத்தில், அரிசி லோடு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போன ஒரு லாரி மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து பார்த்தால், ஆறு செல்லில் ஒன்றைத் தலைகீழாகச் சேர்த்திருந்தான்.

அழகுமலை திட்டவில்லை. "ஒச்சப்பா, ஒனக்கு ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றுதான் கேட்டார்.

வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி ஆறு மாதமாக இருந்தது. வலது மணிக்கட்டு தூக்கினால் நிற்காமல் தொங்கியது. கூடவே பொசுக்கென்று கோபம் வந்தது. உள்ளூர் டாக்டர் உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தார். பல்லின் அடியில் மையால் இழுத்த மாதிரி நீலக் கோடு; உடம்பில் ஈயம் ஏறிய அடையாளம் அது என்றார். அன்றைக்கே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். புதிதாக வந்திருந்த சீமை மருந்து ஒன்றைக் காலையும் மாலையும் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஐந்து நாள் ஒரு சுற்று.

"இது நண்டு மாதிரிப்பா," என்றார் அங்கிருந்த டாக்டர். "ரத்தத்துல கிடக்குற ஈயத்தைக் கொடுக்கால கவ்வி, மூத்திரத்துல வெளியே இழுத்துட்டுப் போயிடும். நீ ஒண்ணே ஒண்ணு செய்யணும். இனிமே ஈயம் உருக்குற பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. அந்தப் புகைதான் உனக்கு எமன்."

மருந்து ஏறிய நாட்களில் மஞ்சு முன்னைவிட அடர்ந்தது. தலை கனத்தது, தாகம் அடங்கவில்லை, கழிப்பறைக்குப் போனவனுக்குத் திரும்பி வந்து எது தன் கட்டில் என்று தெரியவில்லை. இரண்டு தடவை அடுத்தவர் கட்டிலில் போய் உட்கார்ந்தான். அந்த நாட்களில்தான் வாய்ப்பாட்டைப் பிடித்தான். முதல் நாள் பத்து இடத்தில் தடுக்கியது. ஊசி நின்ற மூன்றாம் நாள் நான்கு. மூன்று வாரம் கழித்து இரண்டாம் சுற்றுக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். ரயிலில் வரும்போது ஒச்சப்பன் மனைவியிடம் சொன்னான்: "நண்டு வேலை செய்யுது சுருளி."

சுருளியம்மாள் அந்த மருந்தைத் தன் வழியில் மதித்தாள். எவ்வளவு பெரிய மருந்தோ அவ்வளவு பெரிய பத்தியம் வேண்டும் என்பது அவள் கணக்கு. கத்தரிக்காய், கருவாடு, பூசணி, எண்ணெய், தயிர் எல்லாவற்றையும் விலக்கினாள். குழைந்த சோறும் மிளகு ரசமும் மட்டும்தான். ரசத்துக்கும் புதுப்புளி ஆகாது. இரண்டு வருஷம் பானையில் கிடந்த பழம்புளியாக இருக்க வேண்டும். பரணிலிருந்து பித்தளை ரசப் பாத்திரத்தை இறக்கினாள். நல்லநாள் பெருநாளுக்கு மட்டும் இறங்குகிற பாத்திரம். உள்பூச்சு மங்காமல் பளபளத்தது. மருந்துச் சாப்பாட்டைக் கருவாட்டுச் சட்டியில் காய்ச்சினால் பத்தியம் கெட்டுப்போகும் என்று அதை இவனுக்கென்றே ஒதுக்கினாள். அவளுக்கு எப்போதும்போல மண்சட்டிக் குழம்பும் கம்பங்கூழும்.

முதல் வாரத்தில் சுவரில் ஐந்து கோடு. இரண்டாம் வாரத்தில் எட்டு. மூன்றாம் வாரத்தில் ஒரு காலை வாய்ப்பாட்டைத் தொடங்கவே முடியவில்லை. சுவருக்கு எதிரில் கரித்துண்டோடு நின்றுகொண்டு, தான் எதற்கு நிற்கிறோம் என்று யோசித்தான்.

ஆவணிக் கடைசியில் இரண்டாம் சுற்றுக்குப் போனார்கள். போனதும் ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் டாக்டர் ஒரு தாளோடு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஷெட்டுக்குப் போனியா?"

"இல்லைங்கய்யா."

"போனேன்னு உன் ரத்தம் சொல்லுதே. ஈயம் சாப்பிட்ட ரத்தத்துல புள்ளி புள்ளியா தெரியும். முதல் தடவை நீ இங்கேயிருந்து போகும்போது இருந்ததைவிட, திரும்பி வரும்போது ரெண்டு மடங்கு."

சுருளியம்மாள் கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்தாள். "ஐயா, அவரு வாசப்படி தாண்டலைங்க. கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாத்தேங்க நானு."

"அம்மா, இந்த மருந்து மூட்டை மூட்டையா வர்றதில்லை. வந்ததுல பாதி உங்க வீட்டுக்காரருக்கே போயிருச்சு. அதோ, அச்சாபீஸ்ல ஈய எழுத்துக் கோக்குறவர் ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார். நான் ஒரு பக்கம் இறைக்க, நீங்க ஒரு பக்கம் ஊத்துனா எப்படி? ஈயம் உள்ளே போய்க்கிட்டே இருக்கறப்ப இந்த மருந்தைக் குடுக்குறதும் தப்பு, கெடுதல்தான் பண்ணும். கார்த்திகை பிறந்ததும் வாங்க. புள்ளி குறைஞ்சிருந்தா மூணாவது சுத்து. இல்லேன்னா பேரை அடிச்சிருவேன்."

ஒச்சப்பன் வாயைத் திறந்தான். போகவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்ய முடியவில்லை. மூன்று வாரத்தில் பாதி நாட்கள் அவன் நினைவில் இல்லை. இல்லாத நாளில் எங்கே போனான் என்று எதை வைத்துச் சத்தியம் செய்வது?

போடிக்கு வந்த மறுநாளே ஷெட்டுக்குப் போனான். வாசலில் நின்று, தன் இடத்தில் இப்போது பேட்டரி கட்டுகிற வேலுச்சாமியைக் கூப்பிட்டான். வேலுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"டேய், நெசத்தச் சொல்லு. நான் இங்க வந்தனா?"

"இப்ப வந்துதான நிக்கிறீங்க?"

"வெளையாடாத. போன மாசம்."

வேலுச்சாமி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "வந்தீங்கண்ணே. ரெண்டு தடவ. காலையில எட்டு மணிக்கு, சோத்துத் தூக்கோட. வாசல்லயே நின்னீங்க. நான்தான் 'அண்ணே, வீட்டுக்குப் போங்க'ன்னேன். போயிட்டீங்க."

"உள்ள வரல?"

"எங்க அம்மா மேல சத்தியமா வரல. உலைப் பக்கமே வரல."

ஒச்சப்பனுக்கு நிம்மதியும் வந்தது, அழுகையும் வந்தது. சுருளியம்மாள் தண்ணீருக்குப் போன நேரத்தில், பன்னிரண்டு வருஷம் நடந்த கால் தானாக நடந்திருக்கிறது. ஆனால் வாசலோடு நின்றிருக்கிறது. அப்படியானால் ஈயம் வேறு வழியில் வருகிறது. எந்த வழி?

கார்த்திகைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டிய தலையோ முற்பகலில் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் அதிகம். சோறு உள்ளே போனதும் மஞ்சு இறங்கிவிடும். அதற்குமேல் யோசித்ததெல்லாம் தண்ணீரில் எழுதிய மாதிரி.

அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. லாரி பேட்டரி செத்துப்போனால் ஆறு செல்லையும் தூக்கி எறிவதில்லை. ஒவ்வொரு செல்லாகத் தனியே தொட்டுப் பார்ப்பார்கள். ஐந்து உயிரோடு இருக்கும். ஒன்றுதான் மற்றதைக் குடித்துக்கொண்டிருக்கும். ஒச்சப்பன் சுவரில் ஆறு கட்டம் போட்டான். ஷெட்டு, பழைய வேலைத்துணி, வெற்றிலை, தண்ணீர், ஊசி மருந்து, சோறு. ஷெட்டின் மேல் வேலுச்சாமி சொல்லை நம்பிக் கோடு அடித்தான். மற்றதில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஏழு நாள் பார்க்க வேண்டும். மாற்றியது எது என்பது மறந்துபோகும் என்பதால் அந்தக் கட்டத்துக்குக் கீழே ஒரு ஆணியும் அடித்தான்.

முதல் வாரம் வேலைத்துணிகளை வீட்டைவிட்டு அகற்றினான். கோடு எட்டிலேயே நின்றது. இரண்டாம் வாரம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாவற்றையும் விட்டான். கோபம் இரட்டிப்பானது, கோடு ஒன்பது. மூன்றாம் வாரம் தெருக் கிணற்றை விட்டுவிட்டு வேறு கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சொன்னான். சுருளியம்மாள் இரண்டு தெரு தாண்டிக் குடம் சுமந்தாள். கோடு ஒன்பதுதான். ஊசி மருந்து உடம்பில் இல்லாத நாட்களிலும் கோடு ஏறியதால் அதையும் அடித்தான்.

மிஞ்சியது சோறு.

"ஒரு வாரம் பத்தியத்த நிறுத்திப் பாப்பம்," என்றான்.

"நிறுத்திட்டு? மருந்து திருப்பி அடிச்சா யாரு வந்து தூக்குறது?"

"டாக்டரு பத்தியமே சொல்லலையே புள்ள."

"டாக்டரு ஆம்பள. எந்தச் சோறு எந்த மருந்தக் கெடுக்கும்னு அவருக்கு என்ன தெரியும்? ஒம்பது கோடு போட்டிருக்கீங்களே, பத்தியம் பத்தலன்னுதான அர்த்தம்?" அன்றிலிருந்து காலையிலும் ரசம் ஊற்றினாள். முதல் நாளே காய்ச்சி, பாத்திரத்திலேயே வைத்திருந்து, விடிந்ததும் சுடவைத்துக் கொடுத்தாள். வைத்துக் குடிக்கிற ரசத்துக்கு வீரியம் அதிகம் என்றாள்.

ஒருநாள் மத்தியானம் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். ரசம் ஆறு கட்டத்தின் மேலும் வழிந்தது. சுருளியம்மாள் சோற்றைப் பொறுக்கினாள். மறுநாள் காலையில் கரித்துண்டோடு வந்தவன் சுவரைப் பார்த்து, "இதுல யாரு ரசத்த ஊத்துனது?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நாந்தான். கை தவறிருச்சு," என்றாள்.

தட்டை எறிந்தது அவன்தான் என்பதை அவனிடம் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள்தான் சொன்னாள். அவன் வீட்டுக்கு வந்து நேரே கேட்டான்.

"ஏன் பொய் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா மட்டும் நாளைக்கி ஞாபகம் இருக்கப்போகுதா?"

அவள் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகுதான் மலைக்குப் போகும் யோசனை வந்தது. சுருளியம்மாளின் தங்கை ராக்கு குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறாள். அழகுமலையின் ஜீப் வாரத்துக்கு இரண்டு தடவை அங்கே போகும். பத்துப் பன்னிரண்டு நாள் அங்கே இருந்து வேறு சோறு சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தான். சுருளியம்மாளும் சம்மதித்தாள். ஆனால் ஜீப் ஏறும்போது ஒரு துணி முடிச்சை மடியில் வைத்தாள். அரைத்த மிளகு சீரகப் பொடி, பழம்புளி உருண்டை பன்னிரண்டு, உப்புக்கூட இங்கிருந்துதான்.

"ராக்குகிட்டக் குடுத்து இதே மாதிரிக் காச்சச் சொல்லுங்க. அவ கருவாடு போட்டா வாயில வைக்கக் கூடாது."

ஒச்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டான். சோதனை கெட்டது. போகும் வழியில் முடிச்சை வெளியே எறியலாம் என்று நினைத்தான். குரங்கணி போய்ச் சேர்வதற்குள் எறிய வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

ராக்கு முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பன்னெண்டு உருண்ட! எண்ணித்தான் அனுப்பிருக்கா. மச்சான், இந்த ரசத்தக் குடிச்சா நோவு போகுமோ என்னமோ, எங்கக்கா பக்கத்துல வந்து குத்தவச்ச மாதிரியே இருக்கும்."

"நீ கருவாடே போடு ஆத்தா."

"போட்டா அவளுக்கு மோப்பம் எட்டிரும். எனக்கு ஏன் வம்பு."

சொன்னபடியே அக்கா சொன்ன அளவில், மண்சட்டியில், தினமும் ரசம் வைத்தாள். ஐப்பசி மழை. காய் பறிப்பு மும்முரம். காய் உலர்த்துகிற ஸ்டோரின் வாசலில் ஒச்சப்பன் உட்கார்ந்து, வெடித்த காயை இடது கையால் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சு இறங்கும், ஏறும். சுவருக்குப் பதிலாக ஒரு தகரத் துண்டில் கோடு போட்டான். நான்காம் நாள் எட்டு. ஏழாம் நாள் ஆறு. பத்தாம் நாள் நான்கு. பன்னிரண்டாம் நாள் இரண்டு. அன்றைக்கு ராக்கு ஒரு வாரத்துக்கு முன் சொன்ன ஒரு கேலியை நினைத்து அவனாகச் சிரித்தான். நினைவு இருந்தது என்பதற்காகத்தான் சிரித்தான்.

"மலக்காத்து, மச்சான்," என்றாள் ராக்கு. "எந்த நோவும் நிக்காது."

"காத்து ஈயத்த எடுக்குமா? டாக்டரு வாயிலருந்து அப்பிடி ஒண்ணும் வரலையே."

"அப்ப எங்கக்கா ரசம்தான்."

"அதத்தான அங்கயும் குடிச்சேன்!"

சொன்ன வாய் மூடவில்லை. அதே பொடி. அதே புளி. அதே உப்பு. தண்ணீரை வீட்டிலேயே மாற்றிப் பார்த்தாகிவிட்டது. சோறு என்று ஒரே கட்டமாகப் போட்டிருந்தானே, அது ஒரு செல் இல்லை. அதற்குள்ளேயே இன்னும் பிரிக்க வேண்டியது இருந்தது. அடுப்படியில் ராக்குவின் கரிபிடித்த மண்சட்டி இருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

கீழே போவதற்குள் இது மறந்துபோகும் என்று பயந்தான். தோட்டத்துக் கங்காணியிடம் ஊதாப் பென்சில் ஒன்றை வாங்கினான். எச்சில் பட்டால் மையாகிற பென்சில். இடது உள்ளங்கையில் "சட்டி" என்று எழுதிக்கொண்டான்.

ஜீப் போடிக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. இறங்கும்போது அலுப்பில் தலை மந்தமாகத்தான் இருந்தது. மலையில் என்ன நினைத்தோம் என்பது சுத்தமாக இல்லை. சுருளியம்மாள் அவன் முகம் தெளிந்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, இலை போட்டாள்.

"ரசம் ஒரு நாள்கூட நிக்கலையே?"

"நிக்கல."

"அதான பாத்தேன். முகத்துலயே தெரியுது."

கை கழுவச் செம்பைச் சாய்த்தான். தண்ணீர் பட்டதும் உள்ளங்கையில் ஊதா நிறம் எழுந்தது. முதலில் கறை என்று நினைத்துத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க எழுத்து கனத்தது. சட்டி.

சுருளியம்மாள் பித்தளைப் பாத்திரத்தைச் சாய்த்துச் சோற்றின் மேல் ஊற்றப்போனாள். ஒச்சப்பன் இலையைக் கையால் மூடினான். சுடுரசம் புறங்கையில் விழுந்தது.

"என்னங்க! கை!"

"அதக் கொண்டா."

பாத்திரத்தை வாங்கி, இருந்த ரசத்தை முற்றத்தில் கொட்டிவிட்டு, வெயிலில் சாய்த்துப் பிடித்தான். உள்ளே ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே பூச்சு பளபளத்தது. கோட்டுக்குக் கீழே, ரசம் நிற்கிற உயரம் வரை, சாம்பல் பூத்து, அங்கங்கே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. இந்தக் கோட்டை அவன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். பேட்டரிப் பெட்டியில் ஆசிட் நிற்கிற உயரத்தில் விழுகிற கோடு அது. கத்திமுனையால் மேல்பூச்சைச் சுரண்டி, சுரண்டியதைக் காலண்டர் தாளில் தேய்த்தான். பென்சிலால் கிறுக்கிய மாதிரி கறுப்பாக இழுத்தது. பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் அப்படி இழுக்காது. இது காரீயம், பேட்டரிக்கு உருக்குகிற அதே ஈயம், சேர்ந்த கலப்பு.

"இத யாரு பூசுனது? எந்தப் படுபாவி பூசுனது?"

சுருளியம்மாள் அவன் புறங்கையில் விழுந்த ரசத்தை முந்தானையால் துடைத்தாள். "நீங்கதான்."

"நானா?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னால. பூசுறவன் பூசுனது மூணு மாசத்துல போயிருச்சு, நான் ஷெட்டுல பூசிக் கொண்டாறேன் பாருன்னு எடுத்துட்டுப் போனீங்க. கொண்டாந்து வச்சு, இது மூணு வருசம் நிக்கும்னீங்க. ஊர்ல நாலு பேர்கிட்டச் சொன்னேனே நானு."

மெல்ல மெல்ல வந்தது. நவச்சாரம் போட்டுத் தேய்த்ததும், புகைந்ததும், பற்றவைக்கிற கலப்புக் கட்டியை உருக்கிப் பஞ்சால் வழித்ததும். பாதி வெள்ளீயம், பாதி காரீயம். தனி வெள்ளீயத்தைவிட நன்றாக ஓடும், நன்றாகப் பிடிக்கும் என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டதும். டாக்டர் புகை என்றார். புகையை விட்டு ஓடினான். ஆறிப்போன ஈயமும் ஆளைத் தின்னும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"புளி என்ன புள்ள? ஆசிட்டுத்தான். ஆசிட்டுல ஈயம் கெடந்தா என்ன ஆகும்னு போடியில யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும்!" பாத்திரத்தை முற்றத்துக் கல்லில் அடித்தான். நெளிந்தது, உடையவில்லை. வலது கையில் அடிக்கிற பலம் இல்லை.

சுருளியம்மாள் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வேளையும் நாந்தான ஊத்துனேன். போதும்னீங்க. நான் இன்னுங் கொஞ்சம்னு ஊத்துனேன்."

"நான் பூசுனேன்."

"நான் ஊத்துனேன்ல."

சிறிது நேரம் இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் எழுந்து போய், தனக்கு வைத்திருந்த கருவாட்டுக் குழம்பை அவன் இலையில் ஊற்றினாள். அவன் சாப்பிட்டான்.

கார்த்திகை முதல் தேதி பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி மதுரைக்கு எடுத்துப் போனார்கள். ஒச்சப்பன் ஒன்றும் வாதாடவில்லை. டாக்டர் மேஜையில் பாத்திரத்தை வைத்து, கோட்டைக் காட்டி, தாளில் தேய்த்துக் காட்டினான். டாக்டர் பாத்திரத்துக்குள் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எதுல சமைக்கிறீங்கன்னு நான் கேட்டிருக்கணும்," என்றார்.

"கேட்டிருந்தாலும் பித்தளைன்னுதான் சொல்லிருப்பேங்கய்யா. மறந்தே போச்சு."

ரத்தத்தில் புள்ளி குறைந்திருந்தது. பேரை அடிக்கவில்லை. ஆனால் மருந்தும் இல்லை. இருந்ததை அச்சாபீஸ்காரருக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அடுத்தது தை மாதத்தில்தான் வரும். காத்திருக்கச் சொன்னார். ஒச்சப்பன் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். சரியான விடையைக் கொண்டுவந்தும் வெறுங்கையோடு திரும்புவது எரிச்சலாக இருந்தது. அச்சாபீஸ்காரர்மேல் கோபப்படவும் முடியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது, அவரும் யாருடைய கட்டிலிலோ உட்கார்ந்துகொண்டு இது தன்னுடையதுதானா என்று விழித்துக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் உள்ளே போய் அவரைக் கையைப் பிடித்து அவர் கட்டிலில் விட்டுவிட்டு வந்தான்.

தை மாதத்தில் மூன்றாம் சுற்று கிடைத்தது. அந்த ஐந்து நாளும் மஞ்சு பழையபடி அடர்ந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கோடு ஏறவில்லை. வயிற்று வலி போனது. மணிக்கட்டு நிமிர ஒரு வருஷம் ஆயிற்று. ஷெட்டுக்குத் திரும்பவில்லை. மலைக்குப் போகிற ஜீப்புகளில் லோடு கட்டுகிற வேலையை அழகுமலை கொடுத்தார். எந்த மூட்டை எந்தத் தோட்டத்துக்கு என்று ஊதாப் பென்சிலால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வான். மழை நாளில் கை முழுக்க ஊதாவாகிவிடும். "மருதாணியா மாப்ளே?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். சில நாள் சிரிப்பான். சில நாள் கயிற்றை எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான்.

பாத்திரத்தைப் பழைய பித்தளைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஒச்சப்பன் கொடுக்கவில்லை. யாராவது நெளிசலை நிமிர்த்தி இதில் புளி கரைப்பார்கள் என்று சொல்லி, அடியில் ஆணி வைத்து ஏழு ஓட்டை போட்டுவிட்டுத்தான் வெளியே எறிந்தான்.

வாய்ப்பாட்டை விடவில்லை. இருநூற்று ஐம்பத்தாறிலிருந்து நூற்று இருபத்தெட்டு வரை தங்குதடையின்றி இறங்குவான். ஏழு பதினாறில் வந்து நிற்கும். எத்தனை நாள் மனப்பாடம் செய்தாலும் அந்த ஒரு படி மட்டும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு, சுவரை முறைத்துக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத சுருளியம்மாள் அடுப்படியில் மண்சட்டியை இறக்கிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொல்வாள்:

"நூத்திப் பன்னெண்டு. வெரசா முடிச்சுட்டு வாங்க, கூழு ஆறுது."

அவள் சொன்னாலும் அதற்கும் ஒரு கோடு போடுவான்.